பின்கண்ணாடி நின்றுபோனால்: பழைய டிரக்கின் மின்சுற்றைப் படிப்பது எப்படி

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் டிரக் வண்டிகளில் மின்மோட்டாரால் இயங்கும் பின்கண்ணாடி இரண்டு வகைப்படும். பிக்கப் வண்டியில் ஓட்டுநர் அறையின் பின்சுவரிலேயே கண்ணாடி பதிந்திருக்கும். மூன்று பலகைகளில் ஓரப் பலகைகள் இரண்டும் நிலையாக நிற்க, நடுப்பலகை மட்டும் பக்கவாட்டில் நகரும். சரக்குப் பகுதிக்கும் கூரை போட்ட பெரிய வண்டிகளில் கண்ணாடி கீழ்நோக்கி இறங்கிப் பின்கதவின் வயிற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். 1978 முதல் 1996 வரை வந்த பெரிய ஃபோர்டு பிராங்கோ, 1973 முதல் 1991 வரையிலான ஷெவ்ரலே பிளேசர், 1984இல் தொடங்கிய டொயோட்டா 4ரன்னரின் முதல் இரண்டு தலைமுறைகள் ஆகியவை இந்த இரண்டாம் வகைக்குப் பெயர் பெற்றவை. பிராங்கோ, ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப்பை அடிப்படையாகக் கொண்டது. பிளேசர் ஷெவ்ரலே பிக்கப்பையும், 4ரன்னர் டொயோட்டாவின் சிறிய பிக்கப்பையும் அடிப்படையாகக் கொண்டவை. இன்று இவற்றை வைத்திருப்பவர்கள் பலரும் ஒருநாள் சந்திக்கும் கோளாறு, பின்கண்ணாடி அசையாமல் நின்றுபோவது.

இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்க முடியாது. பிராங்கோவில் பின்கதவைத் திறக்கவேண்டுமானால் கண்ணாடி முதலில் முழுதாக இறங்கியிருக்கவேண்டும். மேலே சிக்கிக்கொண்டால் கதவே திறக்காது. கீழே சிக்கிக்கொண்டாலோ ஆபத்து வேறு வகையானது. பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு சுழற்சிப் பகுதி உருவாகிறது. சைலன்சர் குழாயிலிருந்து வரும் புகை அங்கே தேங்கி, திறந்த பின்கண்ணாடி வழியாக வண்டிக்குள் இழுக்கப்படுகிறது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆகவே மூட முடியாத பின்கண்ணாடியோடு நெடுந்தூரம் ஓட்டுவது கூடாது. வேறு வழியே இல்லையென்றால் முன்புற ஜன்னல்களைத் திறந்து, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறியையும் ஓடவிடவேண்டும். ஆனால் இது வண்டியை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்கான ஏற்பாடு மட்டுமே.

கோளாறு வந்ததும் பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது மோட்டாரை. புது மோட்டார் வாங்கிப் பொருத்துகிறார்கள். கண்ணாடி சற்று வேகமாக நகர்கிறது, சில மாதங்களில் மறுபடியும் நின்றுவிடுகிறது. உண்மையில் இந்த அமைப்பில் மிகவும் உறுதியான உறுப்புகளுள் ஒன்று மோட்டார். வயதாகிப் பலவீனப்படுவது அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வழியும், அது நகர்த்தவேண்டிய கண்ணாடியின் தடமும்தான். எனவே மோட்டாரைக் குற்றவாளிப் பட்டியலின் கடைசியில் வைத்துவிட்டு, மின்சாரம் போகும் வரிசையிலேயே தேடுவதுதான் காசும் நேரமும் மிச்சமாகும் முறை.

அதற்கு அந்த வழி எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியவேண்டும். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஒரு ஃபியூஸ் அல்லது சர்க்யூட் பிரேக்கரைக் கடந்து, இக்னிஷன் சாவியின் கட்டுப்பாட்டில் டேஷ்போர்டில் உள்ள சுவிட்சை அடைகிறது. அங்கிருந்து வண்டியின் அடித்தளம் வழியாகப் பின்னோக்கி ஓடும் வயர்கள் பின்கதவுக்குள் நுழைகின்றன. பின்கதவின் வெளிப்புறத்தில் சாவி போட்டுத் திருப்பும் இன்னொரு சுவிட்ச் உண்டு. கதவு சரியாகத் தாழிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் உண்டு. இவற்றையெல்லாம் தாண்டித்தான் மின்சாரம் மோட்டாரை எட்டுகிறது. பின் வைப்பர் பொருத்திய சில வண்டிகளில், வைப்பர் தன் ஓய்விடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சும் இந்தச் சங்கிலியில் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு இணைப்புகளில் எது கெட்டாலும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றேதான்.

நிரந்தரக் காந்தம் வைத்த இரு வயர் மோட்டாரில் ஒரு நுட்பம் உண்டு. சுவிட்சை யாரும் தொடாதபோது மோட்டாரின் இரண்டு வயர்களும் சுவிட்சின் வழியாக எர்த்தோடு இணைந்தே இருக்கும். ஏற்றும் பக்கம் அழுத்தினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு விலகி 12 வோல்ட்டோடு சேர்கிறது. மற்றது எர்த்திலேயே தங்கி மின்சாரம் திரும்பிவரும் பாதையாகிறது. இறக்கும் பக்கம் அழுத்தினால் இந்த இரண்டும் இடம் மாறுகின்றன. இரண்டு சுவிட்சுகள் உள்ள வண்டிகள் பலவற்றில், ஒரு சுவிட்சின் மின்சாரம் மற்றதன் ஓய்வுநிலைத் தொடுமுனைகள் வழியாகத்தான் போய்த் திரும்புகிறது. அதனால் டேஷ்போர்டு சுவிட்சின் தொடுமுனை தேய்ந்துவிட்டால் பின்கதவுச் சாவியும் சேர்ந்தே வேலைசெய்யாமல் போகலாம். சாவித் துளை வழியாக மழைநீர் இறங்கித் துருவேறிய சுவிட்ச், டேஷ்போர்டில் இருக்கும் புத்தம்புது சுவிட்சை முடக்கிவிடலாம். கையில் அழுத்தும் சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டு, ‘புதுசு போட்டும் ஓடவில்லை’ என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த ஏற்பாட்டை அறியாதவர்கள்.

இதிலிருந்து இன்னொரு பயனுள்ள முடிவும் கிடைக்கிறது. கண்ணாடி நன்றாக இறங்குகிறது, ஆனால் ஏறவே இல்லை. மோட்டாரிலிருந்து சத்தமும் வரவில்லை. இந்த நிலையில் மோட்டாரையும் அதற்குப் போகும் இரண்டு வயர்களையும் உடனே விடுவித்துவிடலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுவது அதே இரண்டு வயர்கள், அதே கம்பிச்சுருள். மாறுவது சுவிட்சின் தொடுமுனைகள் மட்டுமே. ஆகவே கோளாறு ஏதாவதொரு சுவிட்சுக்குள்தான் இருக்கவேண்டும். ஏறும் திசையில் முனகல் சத்தம் வந்தும் கண்ணாடி நகராவிட்டால் அது உராய்வுச் சிக்கல், கீழே பார்க்கப்போவது. 1960களிலும் 70களிலும் வந்த சில மோட்டார்களுக்கு மட்டும் இந்தத் தர்க்கம் பொருந்தாது. அவற்றில் நிரந்தரக் காந்தத்துக்குப் பதிலாக இரண்டு தனித்தனிப் புலச்சுருள்கள் இருக்கும், திசைக்கு ஒன்றாக. எர்த் இணைப்பு மோட்டாரின் உடல் வழியாகவே நடக்கும். அங்கே ஒரு சுருள் அறுந்தாலும் ஒரு திசை மட்டும் போய்விடும். மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகில் துருவேறினால் இரண்டுமே போகும்.

சோதனையைத் தொடங்கும் முன் காதைப் பயன்படுத்துவது நல்லது. சுவிட்சை அழுத்தும்போது பின்கதவுக்குள் மோட்டார் சுழலும் ஓசை கேட்கிறது, கண்ணாடி மட்டும் நகரவில்லை என்றால் மின்சுற்று முழுவதும் சரி; முறிந்தது இயந்திரப் பகுதி. எந்தச் சத்தமும் இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது வருவது போதவில்லை. ‘உம்’ என்ற முனகலோடு கண்ணாடி லேசாகத் துடித்து நின்றால் ஒன்று உராய்வு மிகுதி, அல்லது வோல்ட் குறைவு, அல்லது இரண்டும் சேர்ந்த நிலை. சற்று நேரம் ஓடி நின்றுவிட்டு, ஓய்வு கொடுத்தபின் மறுபடி ஓடினால் அது சர்க்யூட் பிரேக்கரின் வேலை. அதற்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் தானாகவே சேர்த்துவிடும். சில மோட்டார்களுக்குள்ளேயே இத்தகைய வெப்பக் காவல் ஒன்று உண்டு. அழுத்திய சுவிட்சை விடாமல் பிடித்திருப்பதால் கண்ணாடி நகர்ந்துவிடாது. மோட்டாரின் ஆயுள்தான் குறையும்.

அடுத்து ஃபியூஸ். இதில் சொல்ல அதிகம் இல்லை. கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடவேண்டும். மறுபடியும் போனால் எங்கோ ஒரு வயர் உரசி உடலோடு ஒட்டுகிறது என்று பொருள்.

மீட்டர் காட்டும் பொய்தான் இந்தக் கோளாற்றில் பலரையும் வழிதவற வைப்பது. மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, மல்ட்டிமீட்டரின் முனைகளை அதில் வைத்து, சுவிட்சை அழுத்தச்சொல்லிப் பார்த்தால் 12.6 வோல்ட் என்று பளிச்சென்று காட்டும். ‘மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் போச்சு’ என்று தீர்ப்பாகிவிடும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. இருபது இழைகள் கொண்ட வயரில் பத்தொன்பது அறுந்து ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தச் சொற்ப மின்னோட்டம் தடையின்றிப் போய்விடும், மீட்டரும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டாருக்கோ பல ஆம்பியர் தேவை. அந்த ஓர் இழையால் அதைத் தாங்க முடியாது.

இணைப்பு ஒன்றில் களிம்பு பிடித்து அரை ஓம் தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் நிலைமை தெளிவாகும். மோட்டார்ச் சுருளின் தடை 0.6 ஓம், கண்ணாடியைத் தூக்கத் தேவையான மின்னோட்டம் 6 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்ளலாம். சுழலும் மோட்டார் தானே ஒரு சிறு ஜெனரேட்டராகவும் நடந்துகொண்டு, வரும் மின்சாரத்தை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இந்த எதிர் மின்னழுத்தம் வேகத்துக்கு நேர்விகிதம். நல்ல நிலையில் உள்ள சுற்றில் 12 வோல்ட்டில் 3.6 வோல்ட் சுருளின் தடையில் செலவாகி, மிச்சம் 8.4 வோல்ட் எதிர் மின்னழுத்தமாக, அதாவது வேகமாக மாறுகிறது. அரை ஓம் களிம்பு குறுக்கே வந்தால் அங்கே இன்னும் 3 வோல்ட் போய்விடுகிறது, மிஞ்சுவது 5.4. கண்ணாடியின் வேகம் முன்பிருந்ததில் 64 விழுக்காடாகச் சுருங்கும். ஆனால் அது இன்னமும் நகரும். பழைய வண்டிதானே, மெதுவாகத்தான் ஏறும் என்று உரிமையாளர் சமாதானம் ஆகிவிடுவார்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் மறைந்திருக்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுழற்சி நின்றுபோகும் தறுவாயில் எதிர் மின்னழுத்தம் பூஜ்யமாகி மின்னோட்டம் உச்சத்தைத் தொடும். நல்ல சுற்றில் அந்த உச்சம் 12ஐ 0.6ஆல் வகுக்க வரும் 20 ஆம்பியர். களிம்பேறிய சுற்றில் 12ஐ 1.1ஆல் வகுக்கவேண்டும், கிட்டத்தட்ட 11 ஆம்பியர்தான். மோட்டாரின் அதிகபட்ச வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கோடையில் ரப்பர் நெகிழ்ந்து 6 ஆம்பியரில் நகர்ந்த கண்ணாடி, குளிர்காலத்தில் ரப்பர் விறைத்து 12 ஆம்பியர் கேட்கும். சீரான சுற்று அதைக் கொடுக்கும், களிம்பேறியதால் முடியாது. ‘வெயிலில் ஓடுகிறது, பனியில் நிற்கிறது’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தக் கணக்குதான். மின்னோட்டம் எப்போதும் வரம்புக்குள்ளேயே இருப்பதால் ஃபியூஸ் போகாது. மாறாக அந்த அரை ஓம் இணைப்பில் 18 வாட் வெப்பம் எழும். மோட்டார் சிக்கி நிற்கும்போது 60 வாட்டை நெருங்கும். விரல்நகம் அளவுள்ள ஒரு தகட்டு முனையில் இவ்வளவு சூடு சேர்ந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கும். கனெக்டரைப் பிரித்துப் பார்க்கும்போது நிறம் மாறிய துளை தென்பட்டால் அதுவே போதிய சாட்சி.

ஆகவே அளவீட்டைச் சுமையோடுதான் செய்யவேண்டும். மோட்டாரின் கனெக்டர் இணைந்தே இருக்கட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மற்றதை மோட்டாருக்கு மின்சாரம் வரும் வயரின் பின்புறத்திலும் தொடுமாறு வைத்து, சுவிட்சை அழுத்தவேண்டும். பின்பக்கம் வரை எட்ட நீண்ட வயர் ஒன்றை மீட்டரோடு சேர்த்துக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். இதேபோல மோட்டாரிலிருந்து திரும்பும் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் எர்த் பக்கத்து இழப்பு தெரியும். பலர் இந்த இரண்டாவது அளவீட்டைச் செய்வதே இல்லை. ஆனால் பழைய வண்டியில் பாதிக் குற்றம் எர்த் பக்கம்தான். எவ்வளவு இழப்பு நியாயம் என்பதற்கும் கணக்கு உண்டு. 2 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பி 5 மீட்டர் ஓடினால் அதன் தடை 0.043 ஓம். போகவும் வரவும் சேர்த்து, 6 ஆம்பியரில் அரை வோல்ட் இழப்பு. கனெக்டர்களுக்கும் சுவிட்சுகளுக்கும் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மொத்த இழப்பு 2, 3 வோல்ட் என்று வந்தால் வழியில் எங்கோ கோளாறு உட்கார்ந்திருக்கிறது. அப்போது வழியின் நடுப்புள்ளி ஒன்றில், உதாரணமாக டேஷ்போர்டு சுவிட்சின் வெளிமுனையில், மறுபடி அளக்கவேண்டும். இழப்பு முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். சந்தேகப் பாதியை மறுபடி இரண்டாக்கினால் நாலைந்து அளவீட்டில் கெட்ட இணைப்பைத் தொட்டுவிடலாம்.

மோட்டாரே கழற்றப்பட்டிருந்தால் அதன் இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துப் பார்க்கலாம். அது 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். களிம்பேறிய வழியில் பல்பு மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். கால் ஆம்பியர் மட்டுமே இழுக்கும் சிறு டெஸ்ட் லாம்ப், மீட்டரைவிட நம்பகமானது என்றாலும் இந்த வேலைக்குப் போதாது.

எங்கே தேடுவது என்பதில் அனுபவம் சுட்டிக்காட்டும் இடங்கள் சில உண்டு. முதலாவது, வண்டி உடலிலிருந்து பின்கதவுக்குள் வயர்கள் தாவும் இடம். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த வயர்கள் வளைந்து நிமிர்கின்றன. செம்பு வளைய வளைய இறுகும் உலோகம். இறுகியது ஒருநாள் உள்ளுக்குள் முறியும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை முழுசாகவே இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ரப்பர் உறையை விலக்கி, ஒவ்வொரு வயரையும் தனித்தனியே பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். உள்ளே முறிந்த வயர் விரலுக்கு நெகிழ்ந்து நீளும், முறியாதது நீளாது. கதவை மேலும் கீழும் ஆட்டும்போது மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குற்றவாளி அங்கேதான். முறிந்த இடத்தை வெட்டி, வளைவுப் பகுதிக்கு வெளியே மெல்லிய இழைகள் நிறைந்த புது வயரைச் சேர்த்து, பற்றவைத்து, சுருங்கும் குழாயால் மூடுவதே நிலைக்கும் பழுதுநீக்கம். பற்றவைத்த இணைப்பு வளையும் இடத்துக்குள் வந்துவிடக்கூடாது. ஈயம் ஏறிய கம்பி இன்னும் விறைப்பாகி, அதன் விளிம்பிலேயே மறுபடி முறியும்.

இரண்டாவது இடம், பின்கதவின் அடிவயிறு. கண்ணாடி உள்ளே இறங்கும் பிளவின் வழியே மழைநீர் புகத்தான் செய்யும். வடிவமைத்தவர்களும் அதை எதிர்பார்த்தே கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். இலைச்சருகும் மண்ணும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவுக்குள் நீர் தேங்கும். சாவி சுவிட்ச், பாதுகாப்பு சுவிட்ச், கனெக்டர்கள், மோட்டார் எல்லாமே அந்த ஈரத்தில் ஊறும். பனிப் பிரதேசங்களில் சாலையில் உப்புத் தூவுவதால் அங்கே ஓடிய வண்டிகளில் இந்த அரிப்பு இன்னும் வேகம். ஒரு கம்பியை விட்டு அந்தத் துளைகளைக் குத்திவிடுவது சில நிமிட வேலை. பின்கதவுக்கு இதைவிடப் பயன்தரும் பராமரிப்பு வேறில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு சுவிட்ச். பின்கதவு கீழ்நோக்கி விழுந்து திறக்கும் வண்டியில், கதவு திறந்திருக்கும்போது கண்ணாடி மேலெழுந்தால் அதைத் தாங்கப் பிடிக்கச் சட்டமே இருக்காது. அந்த நிலையில் கதவைச் சாத்தினால் உறுதியேற்றிய கண்ணாடி நொடியில் தூளாகும். அதைத் தடுக்கவே இந்த சுவிட்ச். தாழ்ப்பாள் தேய்ந்தோ, கதவின் கீல் தளர்ந்தோ, சுவிட்ச் முழுதாக அழுந்தாமல் போகும்போது கதவு சாத்தியிருந்தும் சுற்று துண்டிக்கப்படும். கதவை வெளியிலிருந்து கையால் உள்நோக்கி அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால் கண்ணாடி நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். நகர்ந்தால் கோளாறு சுவிட்சில் அல்ல, தாழ்ப்பாளின் பொருத்தத்தில். இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து சுவிட்சையே ஒழித்துவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. சோதனைக்காக ஒருமுறை அப்படிச் செய்வதில் தவறில்லை. அப்படியே விட்டுவிடுவது, ஒரு கண்ணாடியின் விலையைப் பணயம் வைப்பது.

மேலே சிக்கிய கண்ணாடியோடு பின்கதவும் திறக்காதபோது வேலை வண்டிக்குள்ளிருந்து தொடங்கவேண்டும். பிராங்கோவில் பின்கதவின் உட்புறத்தில் திருகுகளால் பிடிக்கப்பட்ட ஒரு மூடித்தகடு உண்டு. சரக்குப் பகுதிக்குள் உட்கார்ந்தபடியே அதைக் கழற்றலாம். மோட்டாரின் கனெக்டரைப் பிரித்து, 20 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த இரண்டு வயர்களால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தால் கண்ணாடி நகரும். எதிர்த்திசையில் நகர்ந்தால் வயர்களை மாற்றிக்கொள்ளவேண்டும். இந்தச் சோதனையே மோட்டாரைப் பற்றிய இறுதித் தீர்ப்பும் ஆகும். நேரடி மின்சாரத்தில் அது கம்பீரமாக ஓடினால் குற்றம் முன்னால் உள்ள வழியில். நேரடியாகக் கொடுத்தும் அசையாமல், உடலில் லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன. அந்த மோட்டாரின் நாட்கள் முடிந்தன.

கண்ணாடி நகரும் பாதையில் கைவிரல்கள் இருக்கவே கூடாது. விசைக் கண்ணாடிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி எண் 118, 1971 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இந்த வண்டிகளில், தடை தட்டுப்பட்டால் தானாகத் திரும்பி இறங்கும் ஏற்பாடு கிடையாது. நேரடி மின்சாரம் கொடுக்கும்போது பாதுகாப்பு சுவிட்சும் வழியில் இல்லை.

மோட்டார் சுழன்றும் கண்ணாடி நகராதபோது பார்வை இயந்திரப் பகுதிக்குத் திரும்புகிறது. மோட்டாரின் தண்டில் திருகுபோல் வரிவெட்டிய வார்ம் கியர் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கைகளை மடக்கி நீட்டுகிறது. வார்ம் கியரில் விசை ஒருவழியாகத்தான் பாயும். மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்ற முடியும், சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. அதனால்தான் கண்ணாடியைக் கையால் அழுத்தி இறக்க முடிவதில்லை. அப்படி இறங்கிவிட்டால் இடையில் ஏதோ முறிந்திருக்கிறது.

1980, 90களின் ஃபோர்டு கண்ணாடி மோட்டார்களில் முறியும் பொருள் பெயர்பெற்றது. பல்சக்கரத்துக்கும் வெளித்தண்டுக்கும் நடுவே மூன்று சிறு பிளாஸ்டிக் உருளைகள் மெத்தைபோல வைக்கப்பட்டிருக்கும். கண்ணாடி எல்லையில் போய் முட்டும்போது எழும் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். ஆண்டுகள் போகப்போக அவை நொறுங்கிப் பொடியாகி, மோட்டார் வெறுமனே சுழலும். மோட்டாரைத் திறந்து பொடியைத் துடைத்தெடுத்து, கிரீஸ் மாற்றி, புது உருளைகளைப் போட்டால் மோட்டார் புதிதாகிவிடும், செலவு சொற்பம். சிலர் அந்த இடத்தில் இரும்பு நட்டுகளை வைத்து அடைக்கிறார்கள். அவை நொறுங்காது என்பது உண்மைதான். ஆனால் மெத்தை வாங்கிக்கொண்ட அடி இனிமேல் பற்களின்மேல் விழும். சில காசுக்குக் கிடைக்கும் உருளையைக் காப்பாற்றப் பல்சக்கரத்தைப் பலிகொடுப்பது சரியான பேரம் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரெகுலேட்டரில் கண்ணாடியின் எடையைச் சமன்செய்யும் வலுவான சுருள்வில் ஒன்று இருக்கும். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது மோட்டாரின் பல்சக்கரம். ரெகுலேட்டரைக் கண்ணாடியிலிருந்து பிரித்தபின் மோட்டாரைக் கழற்றினால் வில் தன் ஆற்றல் முழுவதையும் ஒரே கணத்தில் விடுவிக்கும். கைகள் கத்தரிபோல் சட்டென்று மடங்கும், நடுவில் இருக்கும் விரல் பிழைக்காது. மோட்டாரின் திருகைத் தொடும் முன்பே ரெகுலேட்டரின் கைகளை ஒரு போல்ட்டாலோ கிளாம்பாலோ அசையாதபடி பூட்டிவிடவேண்டும்.

பிளேசரில் மோட்டாரிலிருந்து ரெகுலேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது வளையக்கூடிய ஒரு கம்பித்தண்டு. அதன் முனை தேய்ந்து வழுக்கத் தொடங்கினால் அங்கும் இதே அறிகுறிதான். பிக்கப் வண்டிகளின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ரெகுலேட்டரின் இடத்தைக் கேபிள்கள் எடுத்துக்கொள்கின்றன. பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் ஓர் உருளையில் கேபிளைச் சுற்றி ஒருபக்கம் இழுக்கும், மறுபக்கம் விடும். இழை பிரிந்த கேபிள் உருளையில் சிக்கும். கேபிள் முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் கண்ணாடி ஒரு திசையில் மட்டும் நகரும். இந்த வகையில் மட்டும் ‘ஒரு திசை’ அறிகுறி சுவிட்சைக் குறிக்காமல் கேபிளைக் குறிக்கலாம். மோட்டாரின் சத்தம் இரண்டு திசையிலும் கேட்கிறதா என்று கவனித்தால் குழப்பம் தீரும்.

கடைசியாக உராய்வு. கண்ணாடி ஓடும் தடத்தில் பதித்த ஃபெல்ட் துணி தேய்ந்து, தூசி ஏறி, உப்புக் காகிதம் மாதிரி ஆகிவிடுகிறது. ரெகுலேட்டரிலிருந்து பிரித்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் கையால் தடத்தில் நகர்த்திப் பார்த்தால் எங்கே இறுகுகிறது என்று தெரிந்துவிடும். தடத்தைக் கழுவிக் காயவைத்தபின் சிலிக்கான் தெளிப்பானைப் பூசவேண்டும். ரப்பரிலும் ஃபெல்ட்டிலும் பெட்ரோலிய எண்ணெய் படக்கூடாது. ரப்பர் ஊதிப் பெருத்து இன்னும் இறுகும். ரெகுலேட்டரின் உலோக மூட்டுகளுக்கும் உருளைகளுக்கும் லித்தியம் கிரீஸ். ஃபெல்ட்டே பிய்ந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. பிக்கப்பின் பக்கவாட்டுத் தடத்தில் கூடுதலாகப் பார்க்கவேண்டியது, அடித்தடத்தில் உள்ள வடிகால் துளைகள். அவை அடைத்துக்கொண்டால் நீர் பின்னிருக்கைக்கு அடியில் வழிந்து, கேபிளும் மோட்டாரும் துருப்பிடிக்கும்.

எல்லா இணைப்பும் சுத்தமாகி, தடமும் வழுக்கி, அதன்பிறகும் கண்ணாடி மந்தமாகவே ஏறினால் பழைய வடிவமைப்பின் வரம்பை எட்டிவிட்டோம் என்று பொருள். மோட்டாரின் முழு மின்னோட்டமும் டேஷ்போர்டு சுவிட்சின் சிறு தொடுமுனைகள் வழியே போய்த் திரும்பும் ஏற்பாடு அது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலே இதற்கு நல்ல மாற்று. பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்றைத் தனி ஃபியூஸோடு பின்பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கே திசைக்கு ஒன்றாக இரண்டு ஐந்துமுனை ரிலேக்களைப் பொருத்தவேண்டும். ரிலேக்களின் ஓய்வுநிலை முனைகள் எர்த்தில் இணையும். பழைய வயர்கள் ரிலேச் சுருள்களை மட்டும் இயக்கும். ரிலேச் சுருள் இழுப்பது ஆம்பியரில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு என்பதால் பழைய சுவிட்சும் பழைய வயரும் இனிச் சிரமப்படாது. ரிலேக்களைப் பின்கதவுக்குள் வைக்காமல் வண்டி உடலின் உட்பக்கத்தில், ஈரம் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். அங்கிருந்து கதவுக்குத் தாவும் இரண்டு வயர்களும் மெல்லிய இழைகள் மிகுந்தவையாக, கதவு முழுதாகத் திறக்கும்போதும் இழுபடாத நீளத்தில் இருக்கவேண்டும்.